கவுன்சிலிங் ரூம்ல நமக்கே தெரியாம வர்ற பாரபட்சம், எதை வெச்சு கண்டுபிடிக்கறது?

மஞ்சள்ஃபைல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு ஸ்கூல் கவுன்சிலர். வருஷக் கடைசி ரெக்கார்ட் வேலைக்காக டீச்சர்ஸ் எனக்கு அனுப்பின ரெஃபரல் சீட்டு எல்லாத்தையும் ஒரே மூச்சுல உட்கார்ந்து படிக்க வேண்டி வந்துச்சு. ஒவ்வொண்ணா கைக்கு வந்தப்ப எதுவும் தோணல, மொத்தமா படிச்சதும்தான் மனசு நெருடுது.

ரெண்டு சீட்டை மட்டும் சொல்றேன். ஒரே கிளாஸ், ஒரே வாரம், ரெண்டு பசங்க. ரெண்டு பேரும் டெஸ்ட் பேப்பரை கசக்கிப் போட்டுட்டு பெர்மிஷன் கேக்காம வெளிய போயிருக்காங்க. ஒருத்தன் சீட்டுல 'வீட்ல ஏதோ பிரச்சனை போல, முகமே சரியில்ல, கொஞ்சம் பேசிப் பாருங்க'ன்னு இருக்கு. இன்னொருத்தன் சீட்டுல 'அடங்கவே மாட்டேங்கறான், மரியாதை தெரியல, கண்டிச்சு அனுப்புங்க'ன்னு இருக்கு. முதல் பையன் வீட்ல எல்லாரும் படிச்சவங்க. ரெண்டாவது பையன் வீட்ல பேசற மொழியே வேற, அவங்க குடும்பத்துல ஸ்கூல் வாசலுக்கு வந்த முதல் ஆள் அவன்தான். ரெண்டு சீட்டையும் எழுதினது ஒரே டீச்சர், பசங்க மேல உண்மையான அக்கறை உள்ள டீச்சர், அதுல எனக்கு சந்தேகமே கிடையாது.

இப்ப என் கேள்வி டீச்சரைப் பத்தி இல்ல. சீட்டு என் கைக்கு வந்ததும் முதல் பையனை 'என்னப்பா ஆச்சு'ன்னு கூப்பிடத் தோணும், ரெண்டாவது பையனை 'ஏன் இப்படி பண்ணின'ன்னு கூப்பிடத் தோணும், அது இயல்பு. அப்ப எனக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் பாரபட்சம் பாக்காத ஆளுன்னுதான் எல்லாரையும் போல நானும் நினைச்சுக்கிட்டு இருக்கேன். என் செஷன் நோட்ஸையும் இதே மாதிரி மொத்தமா எடுத்துப் படிக்கப் போறேன், எதை எதைப் பாக்கணும்னு அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

கணக்குடீச்சர் எழுதியது:

மேடம், டீச்சர் பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்லிக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த சீட்டு நாங்க எழுதறது ரெண்டு பெல்லுக்கு நடுவுல, நின்னுக்கிட்டே, அடுத்த கிளாஸ் பசங்க உள்ள வந்துட்டு இருக்கும்போது. அதுல என்ன வார்த்தை விழுதுன்னு யோசிச்சுப் பாக்க நேரம் இருக்காது. அதோட, ரெண்டாவது பையன் முன்னாடியும் இப்படி பண்ணியிருக்கலாம் இல்லையா, அது சீட்டுல தெரியாது ஆனா டீச்சருக்குத் தெரியும். ஒரு தடவை பண்றவனுக்கும் அடிக்கடி பண்றவனுக்கும் வார்த்தை மாறத்தானே செய்யும்? அதைப் போய் பாரபட்சம்னு சொன்னா நாளைக்கு எந்த டீச்சரும் உங்களுக்கு சீட்டே அனுப்ப மாட்டாங்க, அந்த பயமும் எனக்கு இருக்கு.

பழையகவுன்சிலர் எழுதியது:

டீச்சர், நீங்க சொன்ன 'அடிக்கடி பண்றவன்' அப்படிங்கற இடத்துலதான் விஷயமே இருக்கு, அதனால அதையே எடுத்துக்கறேன். அமெரிக்காவுல ஒகோனோஃபுவா, எபர்ஹார்ட்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2015ல ஒரு சோதனை பண்ணாங்க. டீச்சர்கள் கையில ஒரு மாணவனோட ரெக்கார்டைக் கொடுத்தாங்க. ரெண்டு சின்ன தப்பு, ஒண்ணு கிளாஸ்ல தொந்தரவு, இன்னொண்ணு சொல் பேச்சு கேக்காதது. ரெக்கார்ட் எல்லாருக்கும் ஒண்ணுதான், பேர் மட்டும் சிலருக்கு கருப்பினப் பையன் பேர் மாதிரி, சிலருக்கு வெள்ளைக்காரப் பையன் பேர் மாதிரி. முதல் தப்புக்கு பெரிய வித்தியாசம் வரல. ரெண்டாவது தப்பு வந்ததும் கருப்பினப் பேர் இருந்த பையனை 'இவன் எப்பவும் இப்படித்தான்'னு பாத்தாங்க, தண்டனையும் கடுமையா வேணும்னாங்க. வெள்ளைக்காரப் பேர் இருந்தா ரெண்டு தப்பும் தனித்தனி சம்பவம். 'அடிக்கடி' அப்படிங்கற முடிவுக்கு நாம சீக்கிரமா வர்றதும் லேட்டா வர்றதும் பையன் யாருங்கறதைப் பொறுத்து மாறிடுது. அந்த டீச்சர்கள் யாரும் கெட்டவங்க இல்ல, உங்களை மாதிரி என்னை மாதிரி ஆளுங்கதான்.

மஞ்சள்ஃபைல் மேடம், உங்க கேள்விக்கு வர்றேன். சீட்டுல இருந்தது ஒரு வகை, ரூமுக்குள்ள நடக்கறது இன்னொரு வகை. மைக்ரோஅக்ரஷன்னு சொல்றாங்களே, அதாவது அன்றாடப் பேச்சுலயும் நடத்தையிலயும் வர்ற சின்னச் சின்ன அவமதிப்பு, அந்தச் சொல்லை 1970ல ஹார்வர்ட் மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ் கொண்டு வந்தார். 2007ல டெரால்ட் விங் சூவும் அவர் கூட இருந்தவங்களும் அதை மூணா பிரிச்சாங்க. வேணும்னே குத்தறது ஒண்ணு, அது கவுன்சிலிங் ரூம்ல அபூர்வம், அதைப் பத்தி இங்க பேச வேண்டியதில்ல. அடுத்தது பாராட்டு மாதிரி வர்ற அவமானம். 'பரவாயில்லையே, நீ இவ்வளவு நல்லா பேசறியே', 'உங்க ஏரியாவுல இருந்து வந்து இந்த மார்க்கா'ன்னு கேக்கறோமே, அதெல்லாம். மூணாவதுதான் நம்ம தொழில்ல ரொம்ப ரொம்ப அதிகம், பிள்ளை சொல்றதை இல்லைன்னு ஆக்கிடறது. பொண்ணு வந்து 'அவங்க என் நிறத்தை வெச்சு பேர் வெச்சுக் கூப்பிடறாங்க'ன்னு சொல்லுது, நாம 'விளையாட்டுக்கு சொல்லியிருப்பாங்கம்மா, நீ மனசுல வெச்சுக்காத'ன்னு சொல்றோம். ஆறுதல் சொன்னதா நமக்குத் தோணும். அந்தப் பொண்ணுக்கு என்ன கேக்கும் தெரியுமா, 'உனக்கு நடந்தது நடக்கவே இல்ல'ன்னு கேக்கும். அடுத்த தடவை அது நம்ம கதவைத் தட்டாது.

கடைசிபெஞ்ச் எழுதியது:

நான் கவுன்சிலரும் இல்ல டீச்சரும் இல்ல, படிச்சு முடிச்சு வேலைக்குப் போற ஆளு. இந்த இழையைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல.

எனக்கு திக்குவாய். ஸ்கூல்ல ஒரு கவுன்சிலர் இருந்தாங்க, ரொம்ப அன்பானவங்க, யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வாங்க. நான் ஒரு வார்த்தையில மாட்டிக்கிட்டா லேசா முன்னாடி சாஞ்சு, தலையை ஆட்டிக்கிட்டே, அந்த வார்த்தையை அவங்களே சொல்லி முடிச்சிடுவாங்க. பாதி நேரம் நான் சொல்ல வந்த வார்த்தையே அது இல்ல. நான் 'ப'ல நிப்பேன், அவங்க 'பயமா இருக்கா'ன்னு கேப்பாங்க, நான் சொல்ல வந்தது 'பரவால்ல'. ஆனா திருப்பி சரி பண்ண இன்னொரு தடவை திக்கணுமே, அதனால சரின்னு தலையாட்டிடுவேன். அப்படியே என் ஃபைல்ல பயந்த சுபாவம்னு ஏறிடுச்சு. மேல என்ன படிக்கலாம்னு பேச்சு வந்தப்ப, நான் சட்டம் படிக்கணும்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள, 'ஆளுங்களோட அதிகம் பேச வேண்டாத வேலையா பாத்துக்கலாமே, உனக்கும் நிம்மதி'ன்னு சொன்னாங்க.

திட்டியிருந்தா வீட்ல சொல்லியிருப்பேன். அன்பா சொன்னதை யார்கிட்ட போய் புகார் பண்றது, என்னன்னு பண்றது? அந்த வயசுல அதுக்கு என்கிட்ட வார்த்தை கிடையாது. என்னால முடியாதுன்னு பெரியவங்களே சொல்றாங்க, அப்ப முடியாதுதான் போலன்னு எடுத்துக்கிட்டேன். இதை யார் மேலயும் கோவத்துல எழுதல. கவுன்சிலர்ஸ் இங்க இவ்வளவு பேர் இருக்கீங்க, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன், திக்கற பிள்ளை வாக்கியத்தை முடிக்கற வரைக்கும் காத்திருங்க. எவ்வளவு நேரம் ஆனாலும்.

புள்ளிவிவரம் எழுதியது:

கடைசிபெஞ்ச், நீங்க எழுதினது ரொம்ப பாதிச்சுது. நான் இப்ப எழுதப் போறது உங்க அனுபவத்தை மறுக்கறதுக்கு இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன்.

ஆனா இந்தத் துறையோட ஆராய்ச்சி ஆதாரம் எவ்வளவு கெட்டின்னு ஒருத்தர் சொல்லணும். நமக்குள்ள ஒளிஞ்சிருக்கற பாரபட்சத்தை அளக்கறதுக்குன்னு 1998ல கிரீன்வால்டும் அவர் குழுவும் கொண்டு வந்த ஐஏடி டெஸ்ட் இருக்கே, கம்ப்யூட்டர்ல படத்தையும் வார்த்தையையும் வேகமா ரெண்டு பக்கமா பிரிக்கற டெஸ்ட், அதே ஆள் இன்னொரு நாள் எடுத்தா வேற ஸ்கோர் வரலாம். ஒரு தனி ஆளோட மனசை அதை வெச்சு எடை போடக் கூடாது. 2016ல லாய் குழு, ஒன்பது விதமான பயிற்சியை சோதிச்சுப் பாத்தாங்க. எல்லாமே அந்த நேரத்துல ஸ்கோரை குறைச்சுது, சில மணி நேரத்துல இல்லேன்னா சில நாள்ல எல்லாம் பழையபடி ஆயிடுச்சு. 2019ல ஃபோர்ஷர் குழு கிட்டத்தட்ட 500 ஆய்வுகளை மொத்தமா சேத்து அலசினாங்க, ஸ்கோர் குறைஞ்சதால நடத்தை மாறினதுக்கு ஆதாரம் கிடைக்கல. மைக்ரோஅக்ரஷன் பக்கம் பாத்தா, 2017ல ஸ்காட் லிலியன்ஃபெல்ட்னு ஒரு உளவியலாளர், இந்தக் கருத்துக்கு எல்லை எங்கன்னே தெளிவா இல்ல, இதை வெச்சு அவசரப்பட்டு பயிற்சி நடத்தாதீங்கன்னு விரிவாவே எழுதினார். அவர் பாரபட்சமே இல்லன்னு சொல்லல, ஆதாரம் போதாதுன்னு சொன்னார்.

அதனால என் கவலை ரெண்டு. ஒண்ணு, ஒரு மதியம் ஸ்லைடு போட்டு பயிற்சி கொடுத்துட்டு எல்லாரும் திருந்திட்டதா கையெழுத்து வாங்கிட்டுப் போறது. அதுல எந்தப் பிள்ளைக்கும் நல்லது நடக்காது. ரெண்டு, பேசறதுக்கே பயந்து போன கவுன்சிலர். எந்த வார்த்தை குத்தும்னு தெரியாம சில பிள்ளைங்ககிட்ட மட்டும் அளந்து அளந்து பேச ஆரம்பிச்சா, அதுவும் அந்தப் பிள்ளைக்கு நஷ்டம்தானே?

பழையகவுன்சிலர் எழுதியது:

புள்ளிவிவரம் சார், நீங்க சொன்ன ஆய்வு எல்லாம் சரி, அதுல எனக்கு மறுப்பே இல்ல. மனசை சுத்தம் பண்ற பயிற்சியில எனக்கும் நம்பிக்கை போயிடுச்சு. உள்ள பாத்து பாத்து தேடினா நல்லவனாத்தான் தெரிவோம், எல்லாருக்கும் அப்படித்தான். அதனால உள்ள தேடாதீங்க, காகிதத்துல தேடுங்கன்னுதான் நான் என்கிட்ட பயிற்சிக்கு வர்ற எல்லார்கிட்டயும் சொல்றேன். யாரை எங்க அனுப்பினோம், யாருக்கு எத்தனை நிமிஷம் கொடுத்தோம், எந்த கோர்ஸ் சொன்னோம்ங்கறது மனசுல இல்ல, ஃபைல்ல இருக்கு.

இதுக்கு ஆதாரம் ஐஏடி இல்ல, நேரடியான நடத்தை. 2019ல வந்த ஒரு ஆய்வுல அமெரிக்க ஸ்கூல் கவுன்சிலர்கள் கையிலயே மாணவர்களோட மார்க் ஷீட்டைக் கொடுத்து, அட்வான்ஸ்டு கால்குலஸ் வகுப்புக்கு யாரை சிபாரிசு பண்ணுவீங்கன்னு கேட்டாங்க. பேரை மட்டும் மாத்தி மாத்தி போட்டிருந்தாங்க. கருப்பினப் பொண்ணுங்க பேர் இருந்த மார்க் ஷீட்டுக்குத்தான் சிபாரிசு குறைஞ்சுது. நம்ம தொழில், நம்ம வேலை, அதே மார்க்.

இப்ப எது வேலை செய்யுதுன்னு பாருங்க. ஃபுளோரிடாவுல ஒரு பெரிய பள்ளி மாவட்டத்துல திறமை அதிகமான பிள்ளைங்களுக்கான வகுப்புக்கு டீச்சரோ பெத்தவங்களோ சொன்னாத்தான் டெஸ்ட்டுன்னு இருந்துச்சு. 2005 வாக்குல ரெண்டாம் வகுப்புல எல்லாப் பிள்ளைக்கும் ஒரு முதல்கட்ட டெஸ்ட்டுன்னு மாத்தினாங்க. ஏழைப் பிள்ளைங்க, கருப்பினப் பிள்ளைங்க, ஸ்பானிஷ் பேசற குடும்பத்துப் பிள்ளைங்க நிறைய பேர் புதுசா தேர்வானாங்க, அதுவும் தகுதி மதிப்பெண்ணைக் குறைக்காமலே. அதுக்கு முன்னாடியும் அந்தப் பிள்ளைங்க அதே கிளாஸ்லதான் உட்கார்ந்திருந்தாங்க, யார் கண்ணுலயும் படல. அப்புறம் பணம் இல்லைன்னு அந்த டெஸ்ட்டை குறைச்சதும் நிலைமை பழையபடி ஆயிடுச்சு. டீச்சருங்க மனசு நடுவுல மாறவே இல்ல, நடைமுறைதான் மாறுச்சு.

உல்மன், கோஹென்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2005ல பண்ணின சோதனை இன்னொண்ணு. ஆளைப் பாத்துட்டு அளவுகோலை முடிவு பண்ணா, பிடிச்ச ஆளுக்கு ஏத்த மாதிரி அளவுகோலே வளைஞ்சுடுது. அளவுகோலை முன்னாடியே எழுதி வெச்சுட்டு அப்புறம் ஆளைப் பாத்தா அந்த வளைவு போயிடுது. அவங்க சோதிச்சது போலீஸ் தலைமை வேலைக்கு ஆணா பொண்ணான்னு, ஆனா நமக்கும் அப்படியே பொருந்தும். 'எந்த மார்க்குக்கு மேல இருந்தா அட்வான்ஸ்டு வகுப்பைப் பத்தி கட்டாயம் பேசணும்'னு டெர்ம் ஆரம்பத்துலயே எழுதி ஒட்டிடுங்க. அதுக்கு மேல வர்ற ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் பேசிட்டு டிக் போடுங்க. அந்தப் பிள்ளைக்கு அது செட் ஆகுமா ஆகாதாங்கற உங்க யூகத்தை அதுக்கப்புறம் வெச்சுக்கலாம்.

மேடம், உங்க நோட்ஸைப் படிக்கும்போது பேர், அட்ரஸ், அப்பா தொழில் எல்லாத்தையும் மறைச்சு ஒட்டிட்டு படிங்க. படிக்கும்போது 'இது எந்த மாதிரி வீட்டுப் பிள்ளை'ன்னு உங்களால சொல்ல முடியுதான்னு பாருங்க. முடியுதுன்னா எந்த வார்த்தை காட்டிக் கொடுத்துச்சுன்னு வட்டம் போடுங்க. பெயரடைகளை ஒரு கலர், நடந்ததை ஒரு கலர். 'முரட்டுத்தனமா இருந்தான்'ங்கறது உங்க தீர்ப்பு, 'ரெண்டு தடவை டேபிளைத் தட்டினான்'ங்கறது நடந்தது. யாருடைய நோட்ஸ்ல தீர்ப்பு கலர் அதிகமா இருக்குன்னு பாத்தாலே பாதி பதில் வந்துடும். அப்புறம் கேள்விகள். யார்கிட்ட ஆசையைப் பத்தி கேட்டிருக்கீங்க, யார்கிட்ட வீட்டுப் பிரச்சனையை மட்டும் கேட்டிருக்கீங்க. அதை மட்டும் தனியா எண்ணுங்க.

அம்மா_வீட்டிலிருந்து எழுதியது:

நான் ஒரு அம்மா. எனக்கு ஒரு பொண்ணு ஒரு பையன். பொண்ணு ஒரு தடவை கிளாஸ்ல அழுதுட்டான்னு கவுன்சிலர் கூப்பிட்டு பேசினாங்க, எங்களுக்கும் ஃபோன் வந்துச்சு, நல்ல விஷயம்தான். பையன் கிட்டத்தட்ட ஒரு டெர்ம் முழுக்க யார்கிட்டயும் பேசல, லஞ்ச் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்துச்சு, ஸ்கூல்ல இருந்து ஒரு வார்த்தை வரல. நானா போய் கேட்டப்ப 'அவன் ரொம்ப நல்ல பையன்மா, இருக்கற இடமே தெரியாது'ன்னாங்க. பசங்கன்னா சத்தம் போட்டாத்தான் பிரச்சனைன்னு வெச்சிருக்காங்களான்னு எனக்குத் தெரியல. சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு நீங்க எல்லாரும் பாக்கறீங்க, சீட்டே எழுதப்படாத பிள்ளைங்களை யார் பாப்பாங்க?

அப்புறம் இன்னொண்ணு. பெத்தவங்க இதைப் பத்தி போய் கேட்டா, அந்தக் கோவம் பிள்ளை மேல திரும்புமோன்னு பயமா இருக்கு. எப்படிக் கேக்கறது?

பழையகவுன்சிலர் எழுதியது:

அம்மா, நீங்க கேட்டது இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. சீட்டு இல்லாத பிள்ளைங்களை நாங்கதான் பாக்கணும், வேற யாரும் பாக்க மாட்டாங்க. 2016ல யேல் பல்கலைக்கழகத்துல கில்லியம் குழு, சின்னப் பிள்ளைங்களோட டீச்சர்கள்கிட்ட ஒரு வீடியோவைக் காட்டி, இதுல குறும்பு எங்க வரப் போகுதுன்னு பாத்து சொல்லுங்கன்னாங்க. வீடியோவுல குறும்பே கிடையாது. கண்ணு எங்க போகுதுன்னு கருவி வெச்சுப் பாத்தாங்க, கருப்பினப் பையன் மேலதான் அதிக நேரம் நின்னுச்சு. எதிர்பாக்கற இடத்துக்கே கண்ணு போகும்போது, எதிர்பாக்காத இடத்துல இருக்கற பிள்ளை தனியா வாடும். அதனால கிளாஸ் லிஸ்ட்டை எடுத்து, இந்த டெர்ம்ல என் ரூமுக்கு ஒரு தடவை கூட வராத பேர் யார் யாருன்னு பாக்கறதை நான் வழக்கமாவே வெச்சிருக்கேன். அவங்களை சும்மா அஞ்சு நிமிஷம் கூப்பிட்டுப் பேசுவேன், காரணமே வேண்டாம்.

கேக்கறதுக்கு வழி: 'நீங்க பாரபட்சம் பாக்கறீங்க'ன்னு ஆரம்பிச்சா எதிர்ல இருக்கறவர் தன்னைக் காப்பாத்திக்கறதுலயே இறங்கிடுவார், உங்க பையன் விஷயம் அங்கயே நின்னுடும். நடந்ததை தேதியோட சொல்லுங்க. 'இந்த மாசம் இந்த மாதிரி மாற்றங்களைப் பாத்தேன், இப்படி மாற்றம் வந்தா ஸ்கூல்ல யாரை எப்ப கூப்பிட்டுப் பேசறது வழக்கம், என் பையனுக்கு அது நடந்துச்சா'ன்னு கேளுங்க. அதையே எழுத்துல கொடுத்து ஒரு காப்பி வெச்சுக்கங்க. உங்க பையனோட நிலைமை இப்பவும் அப்படியே இருந்தா ஸ்கூலுக்காக காத்திருக்காம ஒரு டாக்டரைப் பாத்துடுங்க, இதை தள்ளிப் போடாதீங்க.

அம்மா_வீட்டிலிருந்து எழுதியது:

டாக்டர்கிட்ட போயாச்சு சார், இப்ப சாப்பிடறான், பேசறான். எழுத்துல கேக்கறது நல்ல யோசனை, நன்றி.

புதுகவுன்சிலர் எழுதியது:

நான் இந்த வேலைக்கு புதுசு. ஒரு சந்தேகம். நோட்ஸ், சீட்டு எல்லாம் சரி, நேர்ல ஒரு பிள்ளை 'நீங்க என்னை அப்படி நினைச்சுத்தானே கேட்டீங்க'ன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டா அந்த நிமிஷம் என்ன பண்றது? படிப்புல இதை யாரும் சொல்லித் தரல. இன்னொண்ணு, எங்க ஸ்கூல்ல வேலைப் பளு ரொம்ப அதிகம். அமெரிக்க ஸ்கூல் கவுன்சிலர் சங்கம் 250 மாணவருக்கு ஒரு கவுன்சிலர்னு சொல்லுது, என் கையில இருக்கறது அதை விட பல மடங்கு. இந்த அவசரத்துல ஒவ்வொரு வார்த்தையையும் எப்படி நிறுத்திப் பாக்கறது?

மஞ்சள்ஃபைல் எழுதியது:

புதுகவுன்சிலர், முதல் கேள்விக்கு என் அனுபவத்துல தெரிஞ்சதை சொல்றேன். அந்த நிமிஷம் வாயில முதல்ல வந்து நிக்கற வாக்கியம் 'ஐயோ நான் அப்படி நினைச்சு சொல்லலப்பா'. அதை சொல்லாதீங்க. அது உண்மையா இருந்தாலும் பிள்ளைக்கு அது 'நீ தப்பா புரிஞ்சுக்கிட்ட'ன்னுதான் கேக்கும். 'என்கிட்ட இதை சொன்னதுக்கு நன்றி, நான் கேட்டதுல எது அப்படி இருந்துச்சுன்னு சொல்றியா, சொல்ல இஷ்டம் இல்லேன்னாலும் பரவாயில்ல'ன்னு சொல்லிட்டு நிறுத்திடுங்க. பேச்சை ரொப்ப வேண்டாம். சொன்னா கேளுங்க, 'சரி, அந்தக் கேள்வியை நான் வேற மாதிரி கேட்டிருக்கணும்'னு ஒரே வரியில ஒத்துக்கிட்டு பிள்ளை எதுக்கு வந்துச்சோ அந்த விஷயத்துக்குத் திரும்புங்க. ரொம்ப நேரம் மன்னிப்பு கேக்கறதும் தப்பு, அப்படிக் கேட்டா பிள்ளைதான் நம்மளை சமாதானப்படுத்த வேண்டி வரும், அது பிள்ளையோட வேலை இல்ல. முக்கியமா, 'உங்க ஆளுங்க இதை எப்படி எடுத்துப்பாங்க'ன்னு கேட்டு அந்த ஒரு பிள்ளையை ஒரு கூட்டத்துக்கே பிரதிநிதி ஆக்கிடாதீங்க.

மொழி தெரியாத பெத்தவங்க வந்தா பிள்ளையையே மொழிபெயர்க்க வெக்கறதும் இதோட சேர்ந்ததுதான். தன்னைப் பத்தின புகாரை தானே அம்மாகிட்ட சொல்ல வேண்டிய நிலைமையில எந்தப் பிள்ளையையும் நிறுத்தக் கூடாது. வேற பெரியவங்களை ஏற்பாடு பண்ணிட்டு மீட்டிங்கை ஒரு நாள் தள்ளிப் போட்டாலும் தப்பில்ல.

பழையகவுன்சிலர் சார், நீங்க சொன்ன மாதிரி பேரை மறைச்சு நோட்ஸ் படிக்க ஆரம்பிச்சேன். ஆரம்பிச்சதுமே நோட்ஸுக்கு முன்னாடி இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு, எங்க இன்டேக் ஃபார்ம், அதாவது பிள்ளை கவுன்சிலிங்குக்கு வரும்போது முதல்ல நிரப்பற ஃபார்ம். முதல் வரி பிள்ளை பேர், ரெண்டாவது அப்பா பேர், மூணாவது அப்பா தொழில், நாலாவது அட்ரஸ். பிள்ளை எதுக்கு வந்துச்சுங்கறது அந்தப் பக்கத்தோட கடைசியில, ஒரே ஒரு வரி. பிள்ளை வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அப்பா என்ன வேலை, எந்த ஏரியான்னு எனக்குத் தெரிஞ்சுடுது. நான் எவ்வளவு நல்ல எண்ணத்தோட உட்கார்ந்தாலும் என் காது அதுக்கப்புறம்தானே கேக்க ஆரம்பிக்குது. அந்த ஃபார்மை யார் எப்ப போட்டாங்கன்னு யாருக்கும் தெரியல, வருஷா வருஷம் ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டே வந்திருக்கோம். இப்ப முதல் பக்கத்துல பேரும் 'இன்னிக்கு எதைப் பத்தி பேசணும்'ங்கறதும் மட்டும் வெச்சு, மத்த விவரத்தை எல்லாம் பின் பக்கத்துக்கு மாத்தி ஒரு மாதிரி தயார் பண்ணியிருக்கேன். அவசர விவரம் ஃபோன் நம்பர், அது எங்க இருந்தாலும் எடுத்துக்கலாம்.

பழையகவுன்சிலர் எழுதியது:

ரொம்ப சரியான இடம் மேடம். புதுகவுன்சிலர் கேட்ட ரெண்டாவது கேள்விக்கும் இதுவே பதில்னு நினைக்கறேன். களைப்புலயும் அவசரத்துலயும் மனசு குறுக்கு வழியிலதான் போகும், ஒவ்வொரு வார்த்தையையும் காவல் காக்க யாராலயும் முடியாது. ஃபார்மை, சீட்டை, பட்டியலை ஒரு தடவை சரியா வடிவமைச்சுட்டா அவசரமான நாள்லயும் அது தன் வேலையை செய்யும். கூடவே உங்க ஆள் பற்றாக்குறையை நிர்வாகத்துக்கு எழுத்துல சொல்லிக்கிட்டே இருங்க, அதுவும் பிள்ளைங்களுக்கு நியாயம் கேக்கறதுல ஒரு பகுதிதான்.

புள்ளிவிவரம் எழுதியது:

ஃபார்மை மாத்தறது, லிஸ்ட் பாக்கறது இதெல்லாம் எனக்கு முழு சம்மதம். ஒரே ஒரு எச்சரிக்கை. ஒரு கவுன்சிலரோட ஒரு வருஷ ஃபைல்ல எண்ணிக்கை ரொம்ப சின்னது. ஒரு பக்கம் மூணு பேர், இன்னொரு பக்கம் அஞ்சு பேர்னு வந்தா அது தற்செயலாவே வரலாம், அதை வெச்சு உங்களையோ அந்த டீச்சரையோ குற்றவாளி ஆக்காதீங்க. அதே நேரம் வித்தியாசம் தெரியலன்னா பாரபட்சமே இல்லன்னும் முடிவு பண்ணாதீங்க, சின்ன எண்ணிக்கையில அதுவும் தெரியாது. டெர்ம் டெர்மா சேத்துக்கிட்டே வாங்க, பக்கத்து கவுன்சிலர்களோட கணக்கையும் பேர் இல்லாம சேத்துப் பாருங்க. ஒரே திசையில திரும்பத் திரும்ப சாஞ்சா அப்ப உட்கார்ந்து பேசலாம். அதோட இந்தக் கணக்கை டீச்சர்களை மாட்டி விடறதுக்கு நிர்வாகம் எடுத்துக்காம பாத்துக்கங்க, ஒரு தடவை அப்படி ஆச்சுன்னா அப்புறம் யாரும் உண்மையை எழுத மாட்டாங்க.

கடைசிபெஞ்ச் எழுதியது:

புள்ளிவிவரம் சார், எண்ணிக்கையில எங்களை மாதிரி ஆளுங்க எப்பவும் ஒண்ணு ரெண்டு பேர்தான் இருப்போம். ஒரு ஸ்கூல்ல திக்குவாய் உள்ள பிள்ளை எத்தனை பேர் இருப்பாங்க? எங்க விஷயம் கணக்குல வரவே வராது. அதனால கணக்கு பாக்கறதோட, பிள்ளைங்ககிட்டயே நேர்ல கேக்கறதையும் விட்டுடாதீங்க. செஷன் முடிஞ்சதும் 'நீ சொல்ல வந்தது இதுதானான்னு நான் எழுதினதைப் படிச்சுக் காட்டட்டுமா'ன்னு ஒரு வார்த்தை. என் ஃபைல்ல பயந்த சுபாவம்னு எழுதினதை அன்னிக்கு எனக்குப் படிச்சுக் காட்டியிருந்தா எவ்வளவு திக்கினாலும் இல்லைன்னு சொல்லியிருப்பேன்.

புள்ளிவிவரம் எழுதியது:

உண்மை. நீங்க சொன்னது நான் சொன்னதை விட முக்கியம், ஏத்துக்கறேன்.

கணக்குடீச்சர் எழுதியது:

எல்லாத்தையும் படிச்சேன். ஆரம்பத்துல எனக்கு இருந்த கோவம் இப்ப இல்ல. இந்த வாரம் சீட்டு எழுத வேண்டி வந்தப்ப 'கிளாஸ்ல கவனமே இல்ல, திமிரா பதில் சொல்றா'ன்னு பேனா போச்சு. நிறுத்தி, நடந்ததை மட்டும் எழுதினேன்: 'போர்டுல கணக்கு போடக் கூப்பிட்டேன், வரலன்னா. ரெண்டாவது தடவை கூப்பிட்டதும் நோட்டை மூடி வெச்சா.' எழுதி முடிச்சதும் எனக்கே ஒரு கேள்வி வந்துச்சு, கூப்பிடறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு, அதுக்கு முன்னாடி போர்டுல தப்பு பண்ணின இன்னொரு பொண்ணைப் பாத்து ரெண்டு பசங்க சிரிச்சாங்க. சீட்டுல அதையும் எழுதினேன். நேரம் ஒண்ணும் அதிகமா ஆகல.

இன்னொண்ணும் படிச்சேன், 2014ல யீகர் குழு பண்ணினது. கட்டுரையில திருத்தம் எழுதிக் கொடுக்கும்போது, 'உன்கிட்ட நான் நிறைய எதிர்பாக்கறேன், உன்னால அதை எட்ட முடியும்னு தெரியும், அதனாலதான் இவ்வளவு திருத்தம்' அப்படிங்கற அர்த்தத்துல ஒரு சின்ன குறிப்பை சேத்து வெச்சாங்களாம். திருத்தி மறுபடி எழுதிக் கொடுத்த கருப்பினப் பிள்ளைங்க எண்ணிக்கை பல மடங்கு கூடிச்சாம். அதே மாதிரி சீட்டோட பின்னாடி அந்தப் பிள்ளை எதுல கெட்டிக்காரின்னு ஒரு வரி எழுத இடம் விட்டா என்ன மேடம்? கவுன்சிலர் ரூமுக்கு வரும்போதே புகாரோட மட்டும் வராம இருக்கும்.

மஞ்சள்ஃபைல் எழுதியது:

டீச்சர், உங்க ரெண்டு யோசனையும் சேத்துட்டேன். அடுத்த டெர்ம் சீட்டுல 'என்ன நடந்துச்சு', 'அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு', 'இந்தப் பிள்ளை எதுல கெட்டி' இந்த மூணு கட்டம்தான். எப்படிப்பட்ட பையன், எப்படிப்பட்ட பொண்ணுன்னு எழுதற கட்டத்தை எடுத்துட்டேன். அந்த ரெண்டாவது பையனை நான் கண்டிக்கல, கூப்பிட்டு 'டெஸ்ட் அன்னிக்கு என்னப்பா ஆச்சு'ன்னுதான் கேட்டேன். கேள்வித்தாள்ல பாதி அவனுக்குப் புரியவே இல்லையாம், கேட்டா சிரிப்பாங்கன்னு எழுந்து போயிட்டானாம். மொழி உதவி வகுப்புக்கு அன்னிக்கே எழுதிக் கொடுத்துட்டேன். சீட்டோட மாதிரியை ஸ்டாஃப் மீட்டிங்ல வெக்கறதுக்கு முன்னாடி இங்க யாராவது பாத்து குறை சொன்னா நல்லது.

கணக்குடீச்சர் எழுதியது:

ரெண்டாவது கட்டத்துக்கு இடம் பத்தாது மேடம், நாலு வரியாவது விடுங்க. அங்கதான் நிறைய எழுத வேண்டி வரும்.